ஐந்துக்கு ஐந்து

முதலில் மடிக்கணினிதான் பழுதாகிவிட்டது என்று சுதாஜினி நினைத்தாள். நிரல் நிரலாக ஐந்து. மேலே ஏறினாலும் ஐந்து, கீழே இறங்கினாலும் ஐந்து. பிரதேச செயலகத்தில் உங்களை மரியாதையாக நடத்துகிறார்களா? ஐந்து. உங்கள் அலுவல் உரிய காலத்தில் முடிகிறதா? ஐந்து. திட்டங்களைத் தீர்மானிக்கும்போது உங்கள் கருத்தைக் கேட்கிறார்களா? அதற்கும் ஐந்து. நான்கு கிராமங்கள், இருநூறுக்குக் கிட்டிய ஆட்கள். அங்கொன்று இங்கொன்றாக வந்த நான்குகூடக் கை தவறிப் போட்டதுபோலத்தான் கிடந்தது. புள்ளிவிபர மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டு முடிவு கேட்டால், கணக்குப் பார்க்க இதில் வித்தியாசம் என்று ஒன்றுமே இல்லை என்று அது கையை விரித்தது.

வித்தியாசம் இல்லையாம். அந்தக் கந்தோரில் ஒன்பது வருசமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். சனம் விடியவே வந்து வாசலில் குந்தியிருந்து, மத்தியானம் "ஐயா கூட்டத்துக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்கோ" என்று கேட்டுவிட்டு வெயிலுக்குள்ளால் திரும்பிப் போகிற கந்தோர். தொலைபேசி அடித்தால் அடித்துக் களைத்துத் தானாகவே ஓய்கிற கந்தோர். அதற்கு ஐந்துக்கு ஐந்து. சொர்க்கத்துக்குப் போய் வந்தவன்கூட ஒரு புள்ளி குறைத்துத்தான் போடுவான்.

சுதாஜினி அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது; மேசை இரண்டு பேருக்கு ஒன்று. மருதம்புலவில் அவளுடைய ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். சாதாரண தரப் பரீட்சையை அகதி முகாமின் முள்ளுக்கம்பிக்குள் இருந்து எழுதி, உயர்தரத்தைத் தறப்பாள் கூரைக்குக் கீழே படித்து, ஒருவழியாகப் பட்டதாரியாகி, வேலை தா என்று றோட்டில் இருந்து போராடி எடுத்த வேலை இது. எடுத்த பிறகுதான் தெரிந்தது, செய்யச் சொல்லி ஒருவரிடமும் ஒரு வேலையும் இல்லை, பெயர்ப்பட்டியல் எடுப்பதைத் தவிர. ஆட்டுக்குப் பெயர் எடு, மலசலகூடத்துக்குப் பெயர் எடு, கச்சான்கடலை விதைக்குப் பெயர் எடு. ஒருநாள் கோபத்தில்தான் பொது நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தாள். மேலே போகிற நேர்முகப் பரீட்சைகளில் முதுமாணி இருந்தால்தான் மதிப்பு. அது இல்லாவிட்டால் இந்த அரை மேசையிலேயே பென்சன் எடுக்க வேண்டியதுதான்.

இரண்டு வருசப் படிப்பு என்றார்கள். கொரோனா வந்தது. பிறகு பெற்றோல் இல்லாமல் நாடு படுத்தது. பிறகு பல்கலைக்கழக ஊழியர் வேலைநிறுத்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிய முன்னம் ஸ்கூட்டியை விசுவமடுச் சந்தியில் ஒரு கடைக்காரரிடம் விட்டு, பரந்தனில் பஸ் மாறி, யாழ்ப்பாணத்துக்குத் தொங்கிக்கொண்டு போய் வந்ததில் ஆறு வருசம் ஓடிவிட்டது. பாடங்கள் எல்லாம் சித்தி. மிஞ்சியது இந்த ஆய்வு ஒன்றுதான். கடைசி நீடிப்பும் தந்தாயிற்று: ஓகஸ்ட் முடிவுக்குள் ஆய்வு, வாய்மொழிப் பரீட்சை, திருத்தம், மட்டை கட்டிய பிரதி எல்லாம் முடிய வேண்டும். முடியாவிட்டால் பதிவு இரத்து. முதுமாணிக்குப் பதில் டிப்ளோமா. ஆறு வருசம் உலை வைத்துவிட்டு, சோறு இல்லை, கஞ்சித்தண்ணியைக் குடித்துவிட்டுப் போ என்கிற மாதிரி.

அப்போது தை மாதம் பிறந்திருந்தது. 'பொதுச்சேவை வழங்கலும் பயனாளிகளின் திருப்தியும்: ஒரு பிரதேச செயலகப் பிரிவை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு' என்ற, வாசிக்கவே மூச்சு வாங்குகிற தலைப்பின் கீழ் அவளிடம் இருந்தது ஐந்து என்ற ஒரே இலக்கம்.

அவளை மேற்பார்வை செய்கிற கலாநிதி சுமித்திரா கெட்ட மனுசி இல்லை. பதினொரு மாணவர்களின் ஆய்வு அவவுடைய மேசையில் அடுக்கியிருந்தது; தலைவலிக்கு ஒரு கையை நெற்றியில் வைத்தபடிதான் எல்லாரோடும் கதைப்பா. ஐந்துகளைப் பார்த்துவிட்டு, இதை எந்தப் பரீட்சகரும் நம்பமாட்டார், தரவைத் திரும்ப எடுங்கோ என்றா. திரும்ப எடுத்தாலும் இதுதான் வரும் மிஸ் என்று சுதாஜினி சொன்னதற்கு, அப்படியென்றால் எடுக்கிற முறையில்தான் பிழை, யோசியுங்கோ என்றா. யோசிப்பதற்குத் திங்கட்கிழமை கந்தோரில் லீவு தருவார்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மேசையின் மற்றப் பாதிக்குச் சொந்தக்காரர் முன்ஸிர். முல்லைத்தீவு நகரத்து ஆள். தொண்ணூறில் விரட்டப்பட்ட குடும்பம்; புத்தளத்தில் அகதியாய்ப் பிறந்து, வளர்ந்து, வாப்பாவின் காணியைத் தேடித் திரும்பி வந்தவர். எந்தப் பிரச்சினைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டே ஒரு வழி சொல்லுவார்.

"இதுக்குப் போய் மூஞ்சைய நீட்டிக்கிட்டு இருக்கீங்களே மிஸ். கொஞ்சத்த நாலாக்குங்க, கொஞ்சத்த மூண்டாக்குங்க, ஊருக்கு நாலு பேரக் கோவக்காரனா ஆக்கி ரெண்டு போடுங்க. கந்தோரில நாம எழுதுற முன்னேற்ற அறிக்கை எல்லாம் வேற எப்பிடி எழுதுறதாம்?"

சுதாஜினி அவரை முறைத்தாள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழும்பிப் போன பிறகு, மருதம்புலவு என்ற நிரலைத் திறந்து, ஓர் ஐந்தை நான்காக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. இன்னொன்றை மூன்றாக்கினாள். விரல் பழகிவிட்டது. ஒரு ஊரை முடித்ததும் மென்பொருள் சந்தோசமாக இரண்டு அட்டவணையும் ஒரு வரைபடமும் கக்கியது. பார்க்க உண்மையான ஆய்வுமாதிரியே இருந்தது. இப்படியே மற்ற மூன்று ஊரையும் செய்தால் மாசி முடிய நான்காம் அத்தியாயத்தை எழுதிவிடலாம். அவளுக்கு வெட்கத்துக்கு முதல் வந்தது ஆறுதல். அதுதான் பிறகு நினைக்க எரிச்சலாக இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போக, தாய் பத்மாசனி றோட்டுக்கரையில் காயப்போட்ட நெல்லை அள்ளிவிட்டுக் குசினிக்குள் நின்றா. காலபோக நெல்வெட்டு முடிந்து கையெல்லாம் சுணை பட்டுத் தடித்திருந்தது. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, படிப்பு அலுவல் எந்தளவில் நிற்கிறது என்று கேட்டா. ஒரு கோதாரியும் சரிவரவில்லை, எல்லாச் சனமும் விசர் பிடித்ததுபோல ஐந்து போட்டிருக்கிறது என்றாள் சுதாஜினி.

"அது நல்லதுதானே," என்றா பத்மாசனி. "நானும் ஐஞ்சுதான் போட்டனான்."

சுதாஜினி கோப்பையைக் கீழே வைத்தாள். படிவம் நிரப்பின மாதர் சங்கக் கூட்டத்தில் தாயும் இருந்தவ என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தாய் என்ன போட்டிருப்பா என்று அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

"நீங்களுமோ? அப்பாவின்ர காணிப் பெர்மிட்டை உங்கட பேருக்கு மாத்த எத்தினை வருசமா நடக்கிறியள்? போன மாசமும் காணிக்கிளை வாசலிலை நிண்டு அழுதுபோட்டு வந்தனீங்கள். அதுக்கு ஐஞ்சோ அம்மா?"

"அது காணிக்கிளை. இது உன்ர சோதினை."

"என்ன சோதினை?"

"நீதானே சொன்னனி, ஒண்டிலையிருந்து ஐஞ்சுக்குள்ளை போடுங்கோ, இது என்ர படிப்புக்கு எண்டு. குறையப் போட்டால் ஆருக்குக் குறையும்? உனக்குத்தானே. நீ வாறதுக்கு முதலே நான் எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டன், பிள்ளை ஆறு வருசமாப் பஸ்ஸிலை சாகுது, ஒருத்தரும் கையை இறுக்காதையுங்கோ எண்டு."

மற்ற ஊர்களுக்கும் நீங்களா போய்ச் சொன்னீர்கள் என்று கத்தினாள் மகள். அதற்குத் தேவையே இல்லை என்பதுபோலத் தாய் அடுப்பை ஊதினா. அது இந்தப் பக்கத்து மாதர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த கதையாம். மீள்குடியேறின புதிதில் ஒரு தொண்டு நிறுவனம் எல்லாருக்கும் கோழிக்குஞ்சு கொடுத்தது. அதோடு வவுனியாவிலிருந்து ஒரு பெட்டையையும் அனுப்பியது, கோழி வளர்ப்புப் படிப்பிக்க. பிள்ளை நல்ல பிள்ளை; வெயிலென்றும் பார்க்காது, புழுதியென்றும் பார்க்காது, வீடு வீடாக வரும். குஞ்சுகள் வரும்போதே நோயோடு வந்தவை. ஒரு கிழமைக்குள் கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்துவிட்டன. கடைசியில் நிறுவனத்தாட்கள் வந்து பயிற்சிக்குப் புள்ளி போடச் சொன்னார்கள். செத்த கோழியின் கோபத்தில் எல்லாச் சங்கத்துப் பெண்களும் ஒன்று, ஒன்று என்று போட்டார்கள். அடுத்த மாதம் அந்தப் பெட்டையை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். குஞ்சு வாங்கினவன் வேலையில் இருந்தான், ஏற்றி வந்தவன் இருந்தான், நிறுவனம் இருந்தது. போனது அவள் ஒருத்திதான். போகமுதல் ஒவ்வொரு சங்கத்துக்கும் வந்து பயணம் சொல்லிவிட்டுப் போனாளாம். ஒரு சொல் கோபமாய்ச் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு, ஆர் வந்து புள்ளி கேட்டாலும் ஐந்துக்குக் குறைத்துப் போடுவதில்லை என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு.

சுதாஜினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் முந்திக்கொண்டு கோபம் வந்தது. நீங்கள் இப்படிப் பாவம் பார்த்துப் பார்த்து ஐந்து போடுவதால்தான் அந்தக் கந்தோர் அப்படியே கிடக்கிறது, கொழும்பிலே இருந்து பார்க்கிறவன் வன்னியில் எல்லாம் திறம் என்று எழுதி வைத்திருக்கிறான் என்று தாயைப் பேசினாள். பத்மாசனியும் விடவில்லை. உண்மையைப் போட்டிருந்தால் மட்டும் கொழும்பிலேயிருந்து ஓடிவந்து பெர்மிட் தந்திருப்பானோ என்றா. அன்றிரவு இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்காமலே சாப்பிட்டார்கள்.

விடிய எழும்பி, மருதம்புலவு நிரலில் தான் மாற்றின இலக்கங்களை எல்லாம் திரும்ப ஐந்தாக்கினாள். நேர்மை பொங்கி வழிந்தது என்று சொல்ல முடியாது. சரியோ பிழையோ, அது அந்தச் சனம் அவளுக்காகப் போட்ட ஐந்து. அதை நோண்டி மூன்றாக்குவது, கூப்பிட்டுச் சோறு போட்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மருதம்புலவுப் பொதுநோக்கு மண்டபத்தில் பெண்களைத் திரும்பக் கூப்பிட்டாள். தாயை வரவேண்டாம் என்றாள். தாய் வந்து பின்வரிசை வாங்கில் இருந்தா. கூட்டம் என்றதும் பழக்கதோசத்தில் பாதிப்பேர் அடையாள அட்டைப் பிரதியோடு வந்திருந்தார்கள். அதை மடித்து வையுங்கோ, இன்றைக்குப் பெயரும் எடுக்கவில்லை, புள்ளியும் கேட்கவில்லை, கந்தோரைப் பற்றி மனதில் கிடக்கிறதைச் சொன்னால் போதும் என்றாள். எல்லாம் நல்லம் பிள்ளை என்று ஒரு குரல். இவளுக்குப் படிச்சுப் படிச்சு இப்ப பெயிலாக ஆசை வந்திட்டுது போலை என்று இன்னொரு குரல். மண்டபம் சிரித்தது.

சரி, நானே தொடங்கி வைக்கிறேன் என்று சுதாஜினி கந்தோரைத் திட்டத் தொடங்கினாள். தொலைபேசியைத் திட்டினாள். காணிக்கிளையைத் திட்டினாள். மழைக்காலத்தில் சனம் நிற்க ஒரு கூரை போடாமல், வாகனம் நிற்கக் கூரை போட்டதைத் திட்டினாள். முதலில் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு ருசித்துக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவளால் எழுதி முடியவில்லை, கைத்தொலைபேசியில் பதியவிட்டாள். கிணற்றுக்குப் பெயர் எடுத்துவிட்டு ஆடு தந்த கதை, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிக்க ஆள் தேடித் திரிந்த கதை, உயிரோடு இருக்கிற மாமியைச் செத்தவர் பட்டியலில் போட்டுவிட்டு, செத்ததற்கு அத்தாட்சி கேட்ட கதை. சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்கள். சிரிப்பு அடங்குகிற இடங்களில் மண்டபம் வெறுமையாய்க் கிடந்தது.

எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, யன்னல்கரையில் இருந்த சிவரூபி தொண்டையைச் செருமினா. சுதாஜினியின் வீட்டுக்கு மூன்றாவது வளவு. கச்சான் வறுத்துச் சந்தியில் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவ. புருசன் ஏழெட்டு வருசத்துக்கு முன்னம் மன்னாரில் மேசன் வேலை என்று போனவன், போனவன்தான்.

"நான் சொல்லட்டே? கோவிக்கமாட்டியே?"

"கோவிக்கமாட்டன். சொல்லுங்கோ அக்கா."

"நீ கந்தோர் கந்தோர் எண்டு திட்டுறாய். கந்தோர் எண்டால் எனக்கு நீதான் பிள்ளை. நான் வேறை ஆரைக் கண்டனான்?"

சிவரூபி குரலை உயர்த்தவில்லை. சந்தியில் கச்சான் விலை சொல்வதுபோலவே சொன்னா.

"ஒவ்வொரு உதவிக்கும், ஒவ்வொரு முறையும், மனுசன் திரும்பி வரேல்லை எண்டு கிராமத்து விதானையிட்டைக் கடிதம் எடுத்துக்கொண்டு வா எண்டுறாய். விதானையார் ரெண்டு தரம் அலைக்கழிப்பார். அவரின்ர வாசலிலை நிக்கிற ஆம்பிளையளுக்கு முன்னாலை நான் சொல்லவேணும், இன்னும் வரேல்லை ஐயா எண்டு. அந்தாள் வரேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ? நித்தம் என்ர படலையைத் தாண்டித்தானே போறாய்."

சுதாஜினிக்கு மறுமொழி தெரியும். ஒன்பது வருசமாகச் சொல்லிப் பழகின மறுமொழி. நினைக்கமுதலே வாயில் வந்து நின்றது.

"அது கணக்காய்வுக்கு வேணும் அக்கா. சுற்றறிக்கை."

"ஓம், தெரியும். உனக்கும் மேலை ஆள் இருக்கு. அதுதானே ஐஞ்சு போட்டனான்."

பின்வாங்கில் பத்மாசனி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தா. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். போகும்போது சிவரூபி, கோவமோ பிள்ளை என்று திரும்பவும் கேட்டுவிட்டுத்தான் போனா.

மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் போயின. மற்ற மூன்று ஊர்களுக்கும் போனாள். எல்லா ஊரிலும் அந்தக் கோழிப்பெட்டையின் கதை இருந்தது. ஒரு ஊரில் அவளின் பெயர்கூட இருந்தது. கந்தோர் முடிந்து வந்து, பின்னேரம் கொஞ்சம், விடிய கொஞ்சம் என்று எழுதினாள். ஐந்துகளை அப்படியே நிரையாக வைத்தாள். அது எப்படி வந்தது என்பதைக் கீழே எழுதினாள். பிறகு சனம் சொன்னதை எழுதினாள். சிவரூபி சொன்னதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் இந்த ஆய்வாளரே என்று ஒரு வரி போட்டாள். அந்த வரியை எழுத ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரே போக, அவள் உசாத்துணைப் பட்டியலுக்குக் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்தாள்.

சுமித்திரா மிஸ் வாசித்துவிட்டு, கதைமாதிரிக் கிடக்கு, ஆனால் வாசிக்க முடியுது என்றா. அவவின் வாயில் அது பெரிய புகழ்ச்சி. ஆடியில் வாய்மொழிப் பரீட்சை வைத்தார்கள். வெளிப் பரீட்சகர் ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி. முகத்தில் ஒரு கோபமும் இல்லை, குரலில் அவ்வளவு கனிவு. இது ஆய்வா முறைப்பாடா என்று சிரித்தபடி கேட்டார். ஐந்துகளை ஏற்றுக்கொண்டார். கோழிக் கதையை மெச்சக்கூடச் செய்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி, அந்த இரண்டு பக்கத்தில் விரலை வைத்தார். ஆய்வாளர் தன்னையே ஆய்வுக்குள் கொண்டுவரக் கூடாது, அது பக்கச்சார்பு, எடுத்துவிடுங்கள் என்றார்.

"அதை எடுத்தால் மிச்சமெல்லாம் பொய்யாப் போயிடும் சேர்," என்றாள் சுதாஜினி.

"பொய் எண்டில்லைப் பிள்ளை. தேவையில்லாதது, அவ்வளவுதான்."

தீர்ப்பு, திருத்தங்களுடன் சித்தி. பன்னிரண்டு திருத்தம் எழுதித் தந்தார்கள். பதினொன்று எழுத்துப்பிழையும் பக்க ஓரமும்; பன்னிரண்டாவது அந்த இரண்டு பக்கம். எல்லாம் செய்யப்பட்டதாக மேற்பார்வையாளர் கையொப்பம் இட்டால்தான் பிரதியை வாங்குவார்கள்.

பதினொன்றையும் ஒரு கிழமையில் முடித்தாள். பன்னிரண்டாவதில் நின்றுவிட்டாள். அழித்தாள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். திரும்ப அழித்தாள். கந்தோரில் முன்ஸிர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கம்தானே, எடுத்துவிட்டுப் பட்டத்தை வாங்குங்க, வாங்கின பிறகு அந்த இரண்டு பக்கத்தையும் போட்டோக்கொப்பி அடித்துச் சந்தி சந்தியாகக் கொடுங்க, நானும் வந்து கொடுக்கிறேன் என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அவள் அன்று முழுக்க அதை நியாயம்போல யோசித்துக்கொண்டிருந்தாள். களைத்த மனுசருக்கு எல்லாப் பகிடியும் நியாயமாகத்தான் படும். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்த நேரம் நீதியும் வேண்டாம், ஆய்வும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை விடிந்த பிறகும் படுத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தது.

கடைசித் தவணைக்கு முதல்நாள், அந்த இரண்டு பக்கமும் உள்ளே இருக்க, கட்டிய பிரதிகளைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனாள். துணிந்து முடிவெடுத்தாள் என்றில்லை. அச்சுக்குக் கொடுக்கிற நேரம் வந்தது. அப்போது அவை உள்ளே இருந்தன. எடுக்கக் கை வரவில்லை.

சுமித்திரா மிஸ் திருத்தத் தாளை முன்னால் வைத்து, ஒவ்வொன்றாகப் பக்கம் பார்த்துச் சரி போட்டா. பதினொன்றாவதில் பேனா நின்றது.

"பன்னிரண்டாவதை எடுத்தாச்சோ?"

"இல்லை மிஸ்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றினா. கையொப்பம் தன்னுடையது என்றா. நாளைக்கு அந்த மனுசன் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்றா. இப்போதே கடையில் கொடுத்து இரண்டு பக்கத்தைக் கழற்றித் திரும்பக் கட்டலாம், பின்னேரத்துக்குள் தருவார்கள் என்றும் சொன்னா. சொல்வதை எல்லாம் சொல்லிவிட்டு, சுதாஜினி மற்றப் பிரதிகளைக் கையிலிருந்து இறக்காமல் நிற்பதைப் பார்த்தா.

"இதை வைச்சுக்கொண்டு உங்கட கந்தோரிலை இருக்கேலுமோ?"

"இருக்கத்தானே வேணும் மிஸ். வேறை எங்கை போறது?"

"அந்த அம்மா இப்பவும் கடிதம் கொண்டுவாறவாவோ?"

"ஓம். போன மாசமும் கொண்டுவந்தவா. நான்தான் வாங்கினனான்."

"வாங்கினனீங்களோ?"

"வாங்காட்டில் அவவின்ர பேர் வெட்டுப்படும் மிஸ்."

வெளியே ஆரோ மாணவர்கள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். மிஸ் அந்த இரண்டு பக்கத்தையும் திரும்ப வாசித்தா; ஏற்கெனவே வாசித்ததுதான், ஆனால் இந்தமுறை விரல் வைத்து வாசித்தா. பிறகு பன்னிரண்டாவது வரிக்கு நேரே, 'மேற்பார்வையாளரின் அனுமதியுடன் தக்கவைக்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் எழுதி, கீழே கையொப்பமிட்டா.

"என்னைப் பெரிய ஆளா நினையாதையுங்கோ," என்றா. "இன்னும் பத்துப் பேரின்ர ஆய்வு பாக்கக் கிடக்கு. எனக்குத் திரும்பக் கட்டுவிக்கிற அலுப்பு."

சுதாஜினி நன்றி சொன்னாள்.

பட்டப்பின் படிப்புப் பகுதியில் யன்னலுக்கு முன்னால் வரிசை. கடைசி நேரத்துக்கு ஓடிவந்தவர்கள் எல்லாரும் ஒரேமாதிரி முகத்தோடு நின்றார்கள். அவளுடைய முறை வர, அங்கிருந்த எழுதுவினைஞர் பிரதியை வாங்கி மட்டையின் நிறத்தைப் பார்த்தார். முதுகில் எழுத்து மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்று பார்த்தார். ஒரு அடிமட்டத்தை எடுத்து, எழுந்தமானமாய் ஒரு பக்கத்தைத் திறந்து இடதுபக்க ஓரத்தை அளந்தார். திருத்தத் தாளில் கையொப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, பதிவுப் புத்தகத்தில் ஒரு சரி போட்டு, பிரதியைப் பின்னால் இருந்த அடுக்கின் மேல் போட்டார். அந்த அடுக்கு ஏற்கெனவே அவருடைய தோளுயரத்துக்கு நின்றது.

"சரி, போங்கோ."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"வேறை என்ன? முடிஞ்சுது. பட்டமளிப்புக்குக் கடிதம் வரும்."

அவள் அசையாமல் நின்றாள். இந்த ஆறு வருசத்தில் ஒருமுறைகூட, ஒரு யன்னலிலும், இன்னொன்று குறைகிறது என்று சொல்லாமல் அவளை அனுப்பினதில்லை. ஆரோ கூப்பிட்டு நிற்பாட்டுவார்கள் என்று காத்து நின்றதுபோல இருந்தது. பின்னால் நின்ற பொடியன், அக்கா கொஞ்சம் விலத்துங்கோ என்று அவளுடைய தோளுக்கு மேலால் தன் பிரதிகளை நீட்டினான்.

விலகினாள். கை வெறுமையாக இருந்தது. எதையோ விட்டுவிட்டு வந்ததுபோல இரண்டுமுறை பையைத் தடவிப் பார்த்தாள். மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் பரந்தன் வரை இருந்துகொண்டு போகலாம். அதை விட்டால் நின்றுகொண்டுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, கந்தோரில் ஆட்டுக்குப் பெயர் எடுக்கிற நாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.